எண்ணூர் முகத்துவாரத்தில் நுண்பாசி எண்ணப் போகிறவர்களுக்கு

சென்னை காசிமேட்டு மீன் ஏலத்துக்கு வரும் கவலை மீன் முதல் வஞ்சிரம் வரை எல்லாமே கடைசியில் ஒன்றை நம்பித்தான் வாழ்கின்றன. அதுதான் கடல் நீரில் மிதக்கும் நுண்பாசி. ஆங்கிலப் பாடத்தில் ஃபைட்டோபிளாங்டன். அதை அளக்க எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் மாணவர்கள் பாட்டிலோடு வருவதைப் பார்க்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் கணக்கு கெடுவது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, படகிலேயே கெட்டுவிடுகிறது.

பெரிய தவறு, ஓதத்தை, அதாவது கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதைக் குறிக்காமல் தண்ணீர் எடுப்பது. எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறும் நேரத்தில் வாளியை இறக்கினால் வருவது கடல் நீர். அதே இடத்தில் ஆறு மணி நேரம் கழித்து இறக்குங்கள்: கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கொண்டுவந்த கழிமுகத் தண்ணீர் வரும், விரலில் தேய்த்தால் அனல்மின் நிலையச் சாம்பல் நறநறக்கும். பாசியின் இனமும் வேறு, எண்ணிக்கையும் வேறு. போன மாதம் ஏற்றத்தில் எடுத்து, இந்த மாதம் வற்றத்தில் எடுத்துவிட்டு "பாசி பெருகிவிட்டது" என்று எழுதினால் அது ஓதத்தின் கதை, பாசியின் கதை அல்ல. நேரம், ஏற்றமா வற்றமா, உப்பளவு, வெப்பநிலை இந்த நாலும் பாட்டில் மேலேயே இருக்க வேண்டும். அனல்மின் நிலையத்தின் சுடுநீர் கலக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அடுத்தது, "கரைக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்ற நினைப்பு. ஒரு மே மாதம் நானே அப்படிச் செய்தேன். பாசியைக் கெடாமல் வைக்கும் லூகோல் அயோடின் கரைசலை விடாமல் பாட்டில்களைப் பையில் போட்டேன். வழியில் கண்டெய்னர் லாரி நெரிசலில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றோம். நுண்ணோக்கியில் பார்த்தால் உடைந்த செல்களும், பாட்டிலுக்குள்ளேயே பாசியை மேய்ந்த துடுப்புக்காலிகள் என்ற நுண்ணிய மிதவை விலங்குகளும்தான். அன்றைய கணக்கு மொத்தமும் போச்சு. தண்ணீர் எடுத்த கையோடு லூகோல் விடுங்கள், பால் கலக்காத வெளிறிய டீ நிறம் வரும் வரை. அடர்ந்த நிறக் கண்ணாடி பாட்டில்தான் நல்லது. வெளிச்சம் பட்டால் அயோடின் வெளுக்கும், பிளாஸ்டிக்கில் மெல்லக் கசிந்து போகும்.

ஆனால் குளோரோஃபில், அதாவது பாசியின் பச்சையம் எவ்வளவு என்று பார்க்கவும் அதே பாட்டிலை எடுக்காதீர்கள். அயோடின் விட்ட நீர் அதற்கு உதவாது. தனி பாட்டில், இருட்டு, ஐஸ் பெட்டி, அன்றே 0.7 மைக்ரான் கண்ணாடி இழை வடிதாளில் வடித்து உறைய வைக்க வேண்டும்.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. 20 மைக்ரான் வலை என்னென்ன இனம் இருக்கிறது என்று பார்க்க நல்லது. எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல அது போதாது, ஏனென்றால் சிறியவை எல்லாம் கண்ணி வழியே போய்விடும். நடுக்கடலில் மிகுதியாக இருக்கும் புரோகுளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிரின் குறுக்களவு சுமார் 0.6 மைக்ரான்தான். அது 1980களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்றால் பாருங்கள்!

செயற்கைக்கோள் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் தவறுதான். 2022 நவம்பரில் ஏவிய ஓஷன்சாட்-3 கடல் நிறத்தை வைத்துப் பாசியைக் கணிக்கிறது. ஆழ்கடலில் அது அருமையான உதவி. மீன் இருக்கும் இடம் சொல்லும் இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் மையம்) அறிவிப்புக்கும் கடல் நிறப் படங்களே ஒரு ஆதாரம். கரையோரத்தில்தான் சிக்கல். சேறும் ஆற்று நீரின் பழுப்பு நிறமும் பாசி போலவே கணக்கில் ஏறும். படத்தின் ஒரு புள்ளி சுமார் 360 மீட்டர், அதனால் முகத்துவாரமும் மணல் திட்டும் ஒரே புள்ளிக்குள் விழுந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் மேகம் வேறு மறைக்கும்.

அப்புறம், தண்ணீர் பச்சையாக இல்லையே, பாசிப் பெருக்கம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தது நினைவிருக்கும். நாக்டிலூகா என்ற உயிரி அது. மற்றப் பாசிகளைத் தின்று வாழும் அதன் சிவப்பு வகைக்குச் சொந்தப் பச்சையமே கிடையாது. குளோரோஃபில் அளவு குறைவாகக் காட்டும்போதே கடல் நிறைய அது இருக்கலாம், நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். அலை ஒளிர்கிறது என்று குப்பத்தில் யாராவது சொன்னால் அன்று இரவே ஒரு பாட்டில் எடுத்து லூகோல் விட்டு வையுங்கள். விடிவதற்குள் நீரோட்டம் அதை வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும்.