மெயில் பேக்கப்: எடுத்தாயிற்று என்று நம்பி ஏமாறும் இடங்கள்

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதற்கு முன் படங்களையும் டாக்குமென்ட்களையும் பத்திரமாக எடுத்து வைத்துவிடுவோம். மெயில் மட்டும் விட்டுப்போகும். 'அதுதான் சர்வரில் இருக்கிறதே' என்ற நினைப்புதான் காரணம். முதல் தவறும் அதுதான்.

மெயில் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும் முறைகள் இரண்டு: பாப் (POP), ஐமேப் (IMAP). உங்கள் அக்கவுன்ட் எந்த வகை என்று முதலில் பாருங்கள். பாப் என்றால் மெயில் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும். செட்டிங்கைப் பொறுத்து உடனேயோ சில நாள் கழித்தோ சர்வரிலிருந்து அழிந்தும் போகும். பிறகு உலகத்திலேயே ஒரே பிரதி உங்கள் ஹார்ட் டிஸ்கில்தான். ஐமேப் என்றால் மூலப் பிரதி சர்வரில் இருக்கும். ஆனால் அதையே பேக்கப் என்று நம்பக் கூடாது. போனில் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் கம்ப்யூட்டரிலிருந்தும் அது போய்விடும்.

மைக்ரோசாஃப்ட்டின் மெயில் புரோகிராமான அவுட்லுக்கை (பழைய 'கிளாசிக்' வகையை) பயன்படுத்துவோர் அதிகம் சறுக்குவது ஃபைல் வகையில். 'ஃபைல்' மெனுவில் அக்கவுன்ட் செட்டிங்ஸுக்குள் 'டேட்டா ஃபைல்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால் ஒவ்வொரு அக்கவுன்ட்டின் ஃபைலும் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஃபைலின் பெயர் பிஎஸ்டி (.pst) என்று முடிந்தால் அவுட்லுக்கை மூடிவிட்டு அதை அப்படியே காப்பி செய்யலாம். ஓஎஸ்டி (.ost) என்று முடிந்தால் காப்பி செய்து பயனில்லை. அது அந்த அக்கவுன்ட்டோடும், அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள அவுட்லுக் ப்ரொஃபைலோடும் (செட்டிங்குகளின் தொகுப்போடும்) பிணைந்த ஃபைல். வேறு கம்ப்யூட்டரில் அவுட்லுக் அதை நேரடியாகத் திறக்காது. எக்ஸ்போர்ட் செய்து பிஎஸ்டியாக மாற்றித்தான் வைக்க வேண்டும்.

அந்த எக்ஸ்போர்ட்டிலும் இரண்டு பள்ளங்கள் உண்டு. எக்ஸ்சேஞ்ச் (அலுவலகங்களில் பயன்படும் மைக்ரோசாஃப்ட் மெயில் சேவை) அல்லது மைக்ரோசாஃப்ட் 365 அக்கவுன்ட்டில், எத்தனை காலத்து மெயிலைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பது என்று தீர்மானிக்கும் ஒரு நகர்த்தும் பட்டை இருக்கிறது. அது ஓராண்டில் நின்றால் பழைய மெயில்கள் உங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்காது, பேக்கப்பிலும் வராது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எக்ஸ்போர்ட் வெற்றிகரமாக முடியும் என்பதால் இதைத்தான் மிகவும் ஆபத்தானதாக நினைக்கிறேன். பட்டையை 'ஆல்' வரை நகர்த்தி, அவுட்லுக்கை மூடித் திறந்து, எல்லா ஃபோல்டர்களும் இறங்கி முடியும்வரை பொறுத்திருங்கள். பெரிய அக்கவுன்ட் என்றால் ஓர் இரவே ஆகலாம். அடுத்து, எதை எக்ஸ்போர்ட் செய்வது என்று கேட்கும்போது இன்பாக்ஸோடு நிறுத்திவிடாதீர்கள். பட்டியலின் உச்சியில் இருக்கும் அக்கவுன்ட் பெயரைத் தேர்ந்தெடுத்து, துணை ஃபோல்டர்களையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் அனுப்பிய மெயில்கள் அத்தனையும் விட்டுப்போகும்.

தண்டர்பேர்ட் என்ற இன்னொரு மெயில் புரோகிராமில் வேறு வகைக் குழப்பம். மெயில்கள் 'இன்பாக்ஸ்', 'சென்ட்' என்று, பெயருக்குப் பின் .pst போன்ற நீட்சியே இல்லாத ஃபைல்களில் இருக்கும். பக்கத்திலேயே அதே பெயரில் எம்எஸ்எஃப் (.msf) ஃபைல்கள் இருக்கும். பின்னது வெறும் அட்டவணை, மெயில் அதில் கிடையாது. பிரித்துப் பார்த்துக் கொண்டிருக்காமல் ப்ரொஃபைல் ஃபோல்டரையே முழுதாக எடுங்கள். முகவரிப் புத்தகமும் சேமித்த பாஸ்வேர்டுகளும் கூடவே வந்துவிடும். அந்த ஃபோல்டர், விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ஆப்டேட்டா (AppData) ஃபோல்டருக்குள் இருப்பதால் தேடி அலைய வேண்டாம். ஹெல்ப் மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போய், ப்ரொஃபைல் ஃபோல்டருக்கு எதிரே உள்ள 'ஓப்பன் ஃபோல்டர்' பட்டனை அழுத்தினால் போதும். திறந்த பிறகு தண்டர்பேர்டை மூடிவிட்டுக் காப்பி செய்யுங்கள்.

பிரவுசரில் மட்டுமே ஜிமெயில் பார்ப்பவர்கள் கம்ப்யூட்டரில் தேடவே வேண்டாம். நம் தரவின் பிரதியைத் தரும் கூகுள் டேக்அவுட் என்ற கூகுளின் சேவையில் கேட்டு வாங்கலாம்.

வைக்கும் இடத்திலும் கவனம் தேவை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. பல ஆண்டு மெயில் சேர்ந்த பிஎஸ்டி சுலபமாக அந்த அளவைத் தாண்டிவிடும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிரைவ் பயன்படுத்துங்கள். அன்றாடம் பயன்படுத்தும் பிஎஸ்டியை, இணையத்தோடு ஒத்திசையும் ஒன்டிரைவ் ஃபோல்டரில் வைப்பதும் வேண்டாம். அவுட்லுக் அந்த ஃபைலைத் திறந்தே வைத்திருக்கும், ஒத்திசைவு திணறும்.

எல்லாம் முடிந்ததும், பழைய டிஸ்கில் கை வைப்பதற்கு முன், பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். மிகப் பழைய மெயில் ஒன்று, அனுப்பிய மெயில் ஒன்று, இணைப்போடு வந்த மெயில் ஒன்று. இணைப்பும் திறக்கிறதா என்று பார்த்த பிறகு ஃபார்மட் செய்யுங்கள்.