குழந்தையின் பேச்சொலிக் கோளாறு எவ்வளவு கடுமையானது? படிப்படியாக அளந்து பார்க்கும் முறை

ழகரம் வரவில்லை என்று ஆறு வயதுப் பிள்ளையைப் பதற்றத்தோடு அழைத்து வரும் பெற்றோரை வாரம் தவறாமல் பார்க்கிறேன். உடனே வரவேண்டிய பிள்ளைகள் பலர் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஐந்து வயது நெருங்கியும் ‘அக்கா’வை ‘அத்தா’ என்றும் ‘கடை’யைத் ‘தடை’ என்றும் சொல்லும் குழந்தையைப் பற்றிக் கேட்டால், “மழலைதானே, பள்ளிக்கூடம் போனால் சரியாகிவிடும்” என்கிறார்கள். அந்த மழலை வீட்டாருக்குப் புரியும். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குப் புரியாது.

எத்தனை ஒலிகள் தவறுகின்றன என்று எண்ணிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதால் நேரும் பிழை இது. தவறும் ஒலி பேச்சில் எவ்வளவு அடிக்கடி வருகிறது, கேட்பவருக்கு எவ்வளவு விளங்குகிறது, குழந்தை அதனால் எதை இழக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கடுமை தெரியும். பேச்சு சிகிச்சை படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெற்றோரும் அங்கன்வாடி ஆசிரியர்களும் இரண்டு, மூன்று, ஐந்தாம் படிகளைத் தாங்களே செய்து பார்க்கலாம். கோளாறு இருக்கிறதா, என்ன வகை என்று முடிவு சொல்வது தகுதி பெற்ற பேச்சு சிகிச்சையாளரின் வேலை.

படி 1: காதும் வாயும்

கேள்திறன் பரிசோதனை முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கைதட்டினால் திரும்புகிறான் என்பது பரிசோதனை ஆகாது. சளி பிடித்துப் பிடித்து நடுச்செவியில் நீர் கோத்திருக்கும் குழந்தை கைதட்டலுக்குத் திரும்பும்; மெல்லிய ஒலிகளை மட்டும் தவறவிடும்.

பிறகு வாயைத் திறக்கச் சொல்லி அண்ணத்தையும் பல்வரிசையையும் நாக்கின் அசைவையும் பாருங்கள். காற்று மூக்கு வழியாகப் போய்ப் பேச்சு மூக்கால் பேசுவதுபோல் இருந்தால், வெளியே தெரியாத அண்ணப்பிளவு இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். நாக்கின் அடியில் இருக்கும் இழை குட்டையாக இருக்கிறது, வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ககரம் நாக்கின் பின்பகுதியில் பிறப்பது. நுனியின் அடியில் இருக்கும் இழையை வெட்டி அதைத் திருத்த முடியாது. வசம்பு தடவியும் திருந்தாது.

படி 2: வீட்டுத் தமிழைக் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் பயிற்சிக் காலத்தில் தாண்டியிருக்கிறேன். ஒரு சிறுமி ‘பளம்’, ‘மளை’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் தவறு என்று குறித்துக்கொண்டே போனேன். கடைசியில் அவளுடைய அம்மா, “வாங்க கண்ணு, மளை வருது” என்று அழைத்தார். அந்தக் குழந்தை தன் தாய்மொழியைப் பிசகில்லாமல் பேசியிருக்கிறது. என்னுடைய தாளில்தான் பிழை.

தென் மாவட்டங்களில் பல வீடுகளில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கும். வட மாவட்டங்களில் சிலர் யகரமாக ஒலிப்பார்கள். ரகரத்துக்கும் றகரத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலான ஊர்களின் பேச்சில் இல்லை. ‘காற்று’ பேச்சில் ‘காத்து’ ஆகிறது. ‘மரம்’ என்பதன் கடைசி மகரம் மறைந்து உயிரொலி மூக்கொலியாகிறது. இவை எதையும் தவறாக எண்ணக்கூடாது. எழுத்துத் தமிழை அளவுகோலாக வைத்தால் தமிழ்நாட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் கோளாறு இருப்பதாகத்தான் தெரியும்.

எனவே குழந்தையைப் பேச வைக்கும் முன் அம்மாவிடமும் பாட்டியிடமும் ஐந்து நிமிடம் பேசுங்கள். வாழைப்பழம், கிழவி, பள்ளிக்கூடம், நாற்காலி போன்ற சொற்கள் பேச்சில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் வடிவமே இலக்கு. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசினால் அதையும் குறியுங்கள்.

படி 3: பேச்சைப் பதிவு செய்யுங்கள்

படங்களைக் காட்டி ஒவ்வொரு பெயராகச் சொல்லச் செய்வது எளிது. ஆனால் தனிச் சொல்லில் கவனமாக ஒலிக்கும் குழந்தை, தொடர்ந்து பேசும்போது தடுமாறும். கடுமையை அளக்க நமக்கு இயல்பான பேச்சு வேண்டும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியைக் குழந்தைக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். சொப்புச் சாமான், மண்ணெண்ணெய் அடுப்பு பொம்மை, ஒரு பஸ், இரண்டு மிருக பொம்மைகள் போதும். பத்து நிமிடம் விளையாடுங்கள். குறைந்தது 100 சொற்கள் வேண்டும். குழந்தை சொன்னதை உடனே நீங்கள் ஒரு முறை இயல்பாகத் திருப்பிச் சொல்லுங்கள்: “ஓ, அக்கா கடைக்குப் போனாளா!” பின்னால் கேட்கும்போது குழந்தை எந்தச் சொல்லைச் சொல்ல நினைத்தது என்பது அப்போதுதான் தெரியும். இதைச் செய்யாமல் பதிந்த பேச்சைப் பாதிக்கு மேல் எழுதி எடுக்க முடியாமல் போனவர்கள் உண்டு.

படி 4: மெய்யொலிகளை எண்ணுங்கள்

1982-இல் லாரன்ஸ் ஷ்ரைபெர்க், ஜோன் க்வியட்கோவ்ஸ்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்த முறை இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. சரியாக ஒலித்த மெய்களின் எண்ணிக்கையை, ஒலிக்க வேண்டியிருந்த மெய்களின் எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். வேறொலியாக மாறினாலும், விட்டுப்போனாலும், சிதைந்து ஒலித்தாலும் தவறு. விளங்காத சொற்களை எண்ணக்கூடாது.

தமிழுக்குச் செய்யும்போது இரட்டித்த மெய்யை என்ன செய்வது என்ற கேள்வி வரும். நான் ஒன்றாகவே எண்ணுகிறேன். நீங்கள் வேறு முடிவெடுத்தாலும், அடுத்த முறை அளக்கும்போதும் அதையே பின்பற்றுங்கள்.

விளக்கத்துக்காக நான்கரை வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். அவன் ககரத்தைத் தகரமாகவும், லகரத்தை யகரமாகவும் சொல்கிறான். இரண்டு வாக்கியங்கள்:

வீட்டு வடிவம்: அக்கா கடைக்குப் போனா
அவன் சொன்னது: அத்தா தடைத்துப் போனா

வர வேண்டிய மெய்கள் ஆறு: க்க, க, ட, க்க, ப்ப, ன. சரியாக வந்தவை ட, ப்ப, ன. ஆக மூன்று.

வீட்டு வடிவம்: பாப்பா பால் குடிச்சுது
அவன் சொன்னது: பாப்பா பாய் துடிச்சுது

வர வேண்டியவை எட்டு: ப, ப்ப, ப, ல், க, ட, ச்ச, த. லகரமும் ககரமும் போக ஆறு சரி.

மொத்தம் 14-இல் 9. ஏறத்தாழ 64 விழுக்காடு. தவறுவது இரண்டே ஒலிகள். ஆனால் ககரம் தமிழ்ப் பேச்சில் எங்கும் நிறைந்திருக்கிறது, ‘-க்கு’ என்ற வேற்றுமை உருபு வரும் இடமெல்லாம் அவன் சறுக்குகிறான். ழகரம், ளகரம், ணகரம் என்று மூன்று ஒலிகளில் தடுமாறும் இன்னொரு குழந்தை இதே வாக்கியங்களைச் சொன்னால் 100 விழுக்காடு வாங்கிவிடும். தவறும் ஒலிகளின் பட்டியல் நீளத்தை வைத்துக் கடுமையை முடிவு செய்யாதீர்கள் என்று நான் மாணவர்களிடம் மன்றாடுவது இதனால்தான்.

அந்த ஆய்வாளர்கள் வகுத்த படிநிலைகள் இவை: 85-க்கு மேல் லேசானது, 65 முதல் 85 வரை லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடை, 50 முதல் 65 வரை நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் இடை, 50-க்குக் கீழ் கடுமையானது. இந்த எல்லைகள் ஆங்கிலம் பேசும் குழந்தைகளை வைத்து வந்தவை. தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 64-க்கும் 66-க்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை. ஒரே குழந்தையின் இன்றைய நிலையையும் மூன்று மாதம் கழித்த நிலையையும் ஒப்பிடுவதற்குத்தான் இந்த எண் மிகச் சிறந்த கருவி.

படி 5: யாருக்கு எவ்வளவு புரிகிறது?

2012-இல் ஷரின் மெக்லியட் குழுவினர் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய ஓர் அளவுகோல் எனக்கு மிகவும் பிடிக்கும்; பெற்றோரின் பேச்சுக்கு அது மதிப்புக் கொடுக்கிறது. ஏழே கேள்விகள். குழந்தை பேசுவது உங்களுக்கு, உடன் வசிக்கும் குடும்பத்தாருக்கு, மற்ற உறவினருக்கு, அவனுடைய நண்பர்களுக்கு, தெரிந்தவர்களுக்கு, ஆசிரியர்களுக்கு, முன்பின் அறியாதவர்களுக்கு எவ்வளவு புரிகிறது? எப்போதும் என்றால் 5, பெரும்பாலும் 4, சில நேரம் 3, அரிதாக 2, ஒருபோதும் இல்லை என்றால் 1. கூட்டி ஏழால் வகுக்க வேண்டும். நம் சிறுவனுக்கு 5, 4, 3, 3, 3, 2, 2 என்று வந்தால் மொத்தம் 22, சராசரி 3.1. சராசரியைவிட எனக்கு முக்கியம், எண் எந்த இடத்தில் சரிகிறது என்பது. ஆசிரியரிடமே 2-க்கு இறங்கிவிட்டது என்றால் வகுப்பில் அவன் பேசுவதற்கு மறுமொழி கிடைப்பதில்லை என்று பொருள்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். குழந்தையை அறியாத ஒருவரிடம் பதிவைக் கொடுத்து, புரிந்த சொற்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பிச் சொன்ன பகுதிகளை நீக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். வயதை நான்கால் வகுத்தால் வருவது அந்நியருக்குப் புரியவேண்டிய பங்கு என்று ஒரு பழைய கணக்கு உண்டு: இரண்டு வயதில் பாதி, மூன்றில் முக்கால், நான்கில் கிட்டத்தட்ட முழுவதும். இது தோராயமான கணக்கு, குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். ஆனாலும் நான்கரை வயதில் பாதிதான் புரிகிறது என்றால் காத்திருக்கக்கூடாது.

படி 6: தவறின் குணம்

ஒரே சொல்லைச் சற்று இடைவெளி விட்டு மூன்று முறை சொல்ல வையுங்கள். மூன்று முறையும் ‘அத்தா’ என்றால் அது சீரான தவறு. ஒரு முறை ‘அத்தா’, மறுமுறை ‘அப்பா’, பிறகு ‘அயா’ என்று மாறிக்கொண்டே போனால், எண்ணிக்கை எப்படி இருந்தாலும் அதை ஒரு படி கூடுதல் கவலையோடு பார்க்க வேண்டும். உயிரொலிகளும் தவறுவது, சொல்லின் முதல் மெய்யை விட்டுவிடுவது, வாயைத் தேடித் தேடி அசைத்துப் பேசுவது ஆகியவையும் அப்படியே.

அடுத்து, “என் வாயைப் பார்த்துச் சொல்லு, க” என்று சொல்லிக் காட்டுங்கள். தூண்டினால் வரும் ஒலி தானாகவே சீக்கிரம் வந்துவிட வாய்ப்பு அதிகம். எவ்வளவு காட்டினாலும் வராத ஒலிக்குத்தான் சிகிச்சை முதலில் தேவைப்படும்.

படி 7: குழந்தை எதை இழக்கிறது?

இதற்கு எண் கிடையாது. பால் கேட்டதற்கு அத்தை பாயை எடுத்துப் போட்டுவிட்டார் என்று அழுதானா? கேட்டால் பேசாமல் விரலால் காட்டுகிறானா? கேலிக்கு அஞ்சி விளையாடப் போகாமல் இருக்கிறானா? எழுத்துப் படிக்கத் தொடங்கும் வயதிலும் கோளாறு நீடித்தால் படிப்பதிலும் எழுதுவதிலும் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. ‘கடை’யைத் ‘தடை’ என்று சொல்லி அப்படியே எழுதவும் செய்யும் பிள்ளையை மக்கு என்று சொல்லிவிடுவார்கள். 90 விழுக்காடு வாங்கிய குழந்தைகூட வகுப்பில் வாய் திறக்க மறுத்தால், அதை லேசானது என்று எழுத என் கை வராது.

படி 8: எழுதி வையுங்கள்

முடிவை ஒற்றைச் சொல்லில் எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்:

“நான்கரை வயது. வீட்டில் மதுரைப் பேச்சுத் தமிழ். அதை இலக்காக வைத்துக் கணக்கிடப்பட்டது. கேள்திறன் இயல்பு. 112 சொற்கள் கொண்ட உரையாடலில் 61 விழுக்காடு மெய்கள் சரி. ககரம் எல்லா இடத்திலும் தகரமாகிறது, லகரம் யகரமாகிறது, தவறுகள் சீரானவை. ககரம் தூண்டினாலும் வரவில்லை. புரியும் அளவின் சராசரி 3.1, ஆசிரியருக்கு அரிதாகவே புரிகிறது. வகுப்பில் பேசுவதைத் தவிர்க்கிறான். நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் இடைப்பட்ட நிலை. உடனடிச் சிகிச்சை தேவை.”

தனியார் மையங்களுக்குக் கட்டணம் கட்ட முடியாத பெற்றோரிடம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவையும், அங்கே இயங்கும் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தையும் பற்றிச் சொல்லுங்கள். இப்படி ஓர் இடம் இருப்பது தெரியாமலேயே இரண்டு ஆண்டுகளைக் கடத்திவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அதே பொம்மைகளோடு, அதே அறையில், மறுபடியும் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதியையும் குழந்தையின் வயதையும் வாயால் சொல்லிவிடுங்கள். கைப்பேசியில் கோப்பின் பெயர் மாறிப்போனாலும் எது முதல் பதிவு, எது இரண்டாவது என்று குழம்பாமல் இருக்கும்.