வாயும் காலும் கூழும்: மரபுத்தொடரை வாக்கியத்தில் அமைக்கும் முறை

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மரபுத்தொடர்களைப் பொருளோடு சேர்த்துப் பாடமாக்கிவிடுவார்கள். வாக்கியத்தில் அமைக்கச் சொன்னால்தான் தடுமாறுவார்கள். வாய், கால், உணவு பற்றிய தொடர்களில் இந்தத் தடுமாற்றம் கூடுதல், ஏனெனில் அதே சொற்கள் வீட்டில் நேர்ப்பொருளிலும் நாள்தோறும் வழங்குகின்றன. ஆகவே பொருளைப் பார்க்கும் முன், தொடரிலுள்ள வேற்றுமை உருபையும் வினைச்சொல்லையும் பார்க்கப் பழகுங்கள்.

உருபிலிருந்து தொடங்கலாம். ‘வாய்விட்டுச் சிரித்தான்’ என்றால் ஓசை எழச் சிரித்தான் என்று பொருள். ‘வாயை விட்டு மாட்டிக்கொண்டான்’ என்றால் சொல்லத்தகாததைச் சொல்லி அகப்பட்டான் என்று பொருள். இடையில் வந்தது ஐகார உருபு மட்டுமே. அம்மம்மாவுக்குக் கால் பிடித்துவிடுவது பணிவிடை, ஒருவரின் காலைப் பிடிப்பதோ கெஞ்சுதல். என்னிடம் படித்த மாணவர் ஒருவர், “அதிபருக்குக் கால் பிடித்து அனுமதி பெற்றேன்” என்று எழுதியிருந்ததைத் திருத்தும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்தது வினை. உணவைக் குறிக்கும் தொடர்களில் தின், உண், சாப்பிடு என்பவற்றை ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது. விருந்தினரிடம் ‘சாப்பிடுங்கோ’ என்போம். மனிதரைப் பார்த்துத் ‘தின்’ என்றால் அது ஏச்சு. ஆனாலும் ‘உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்’ என்பதை மரியாதைக்காக ‘உப்புச் சாப்பிட்டவர்’ என்று மாற்றினால் பழமொழி செத்துவிடும். ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தான்’ என்பதில் உண் மட்டுமே பொருந்தும். பெயர்ச்சொல்லையும் மாற்றக்கூடாது. ‘கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை’ என்பதன் சுவை, ஒடியற்கூழை (உலர்த்திய பனங்கிழங்கின் மாவில் காய்ச்சும் கூழை)ப் பிலாவிலையில் கோலிக் குடித்தவருக்கு உடனே விளங்கும்: இலையை வாய்க்குக் கொண்டுபோனால் மீசை நனையும், மீசையைக் காத்தால் மீனும் நண்டும் போட்ட கூழ் கைநழுவும். கூழ் இருந்த இடத்தில் சோற்றை வைத்தால் மீசைக்கு ஆபத்தே இல்லை.

பின்னர், யார் யாரிடம் சொல்வது என்று பாருங்கள். ‘வாய் காட்டுதல்’ என்பது இளையவர் மூத்தவரை எதிர்த்துப் பேசுவது. “அப்பா என்னிடம் வாய் காட்டினார்” என்று பிள்ளை எழுதினால் அது வாக்கியப் பிழை மட்டுமன்று. கருவுற்ற பெண்ணை ‘வாயும் வயிறுமாக இருக்கிறாள்’ என்பது பரிவான வழக்கு. ‘கால் கழுவி வந்தேன்’ என்பதை நன்னூல் வழிவந்த இலக்கண நூல்கள் இடக்கரடக்கலுக்கு, அதாவது வெளிப்படையாகச் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதற்கு, எடுத்துக்காட்டாகக் காட்டும்; ஆனால் தோட்டத்தால் வந்தவர் கிணற்றடியில் காலைக் கழுவினால் அங்கே அடக்குவதற்கு எதுவுமில்லை, சேறு மட்டுமே உண்டு. ‘வாய்க்கரிசி’ செத்தவீட்டுச் சடங்குக்குரிய சொல் என்பதால், கேலியாகக்கூட உயிரோடு இருப்பவர்மேல் போட்டு எழுதாமல் விடுவது நல்லது.

பேச்சில் கேட்ட தொடரை எழுத்துக்குக் கொண்டுவரும்போது ஈறுகளை மட்டும் திருத்துங்கள். ‘அவனோடை வாய் குடுக்காதை’ என்பது ‘அவனோடு வாய் கொடுக்காதே’ ஆகும். எழுத்துநடைக்கு இன்னும் உயர்த்துவதாக எண்ணி ‘அவனோடு உரையாடலைத் தொடங்காதே’ என்று எழுதினால், அவனோடு பேசப்போனால் வம்பு வந்துசேரும் என்ற எச்சரிக்கை அதிலிருந்து கழன்றுவிடும். ‘பச்சைத்தண்ணியும் பல்லிலை படேல்லை’ என்பதையும் ‘பச்சைத்தண்ணீரும் பல்லில் படவில்லை’ என்று எழுதினாலே போதும்; கந்தசஷ்டிக்கு உபவாசம் இருப்பவரைப் பற்றி எழுத அதைவிடப் பொருத்தமான தொடரை நான் காணவில்லை.