ஏரிக்கரையில் பறக்கும் கூகையைப் படம் எடுத்தல்: புதியவர்களுக்கான செய்முறை

சேலத்தைச் சுற்றியுள்ள ஏரிகளின் சதுப்பு ஓரங்களில், அந்தி சாயும் வேளையில் ஒரு வெள்ளை உருவம் கோரைக்கு மேல் ஓசையின்றி மிதந்து போவதைப் பார்த்தவர்கள், அதைப் படம் எடுக்க மாலையில்தான் போக வேண்டும் என்று முடிவு செய்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் இரண்டு குளிர்காலங்களை மாலைகளிலேயே கழித்து, கூகை என்னும் அந்த வெண்ணிற ஆந்தையின் முதுகையும் வாலையும் மட்டுமே சேர்த்து வைத்தேன். தவறு கேமராவில் இல்லை, நான் நின்ற இடத்தில் இருந்தது.

ஆகவே முதல் படி, நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. எலி தேடும் கூகை ஆள் உயரத்துக்குச் சற்று மேலாகப் புல்வெளியை வரிவரியாக அலசிப் பறக்கும். ஓரிடத்தில் தயங்கி அந்தரத்தில் நிற்க வேண்டுமானால் காற்றை எதிர்த்துத் திரும்பிக்கொள்ளும். அந்தக் கணத்தில் அதன் முகம் காற்று வரும் திசையை நோக்கியிருக்கும் என்பதால், காற்று நம் முதுகில் பட வேண்டும். ஒளியும் முதுகுப்புறமிருந்தே வர வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சேலத்தில் மாலைக் காற்று கிழக்கிலிருந்தும் ஒளி மேற்கிலிருந்தும் வருவதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. விடியலில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கத்திலிருந்து வருகின்றன. சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள கன்னங்குறிச்சி மூக்கனேரி போன்ற இடங்களில், இரவில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து இறங்குவதும் இதற்குத் துணை செய்கிறது. எனவே வடகிழக்குக் கரையில், சூரியன் எழுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே சென்று, தென்மேற்கைப் பார்த்து உட்காருங்கள். மலை பின்னணியில் வராமல் போய்விடுகிறதே என்று வருந்துவோர் உண்டு; மலையை வேறொரு நாள் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, லென்ஸ். 400 மி.மீ. லென்ஸும் ஏபிஎஸ்-சி (முழுச்சட்டத்தைவிடச் சிறிய சென்சார் கொண்ட) கேமராவும் இருந்தால், 25 மீட்டர் தொலைவில் சிறகு விரித்த கூகை படத்தின் அகலத்தில் பாதிக்கும் மேல் நிறையும். 70–300 மி.மீ. லென்ஸ் போதாது என்று ஒதுக்க வேண்டாம். கூகை அருகே வரும் வரை பொறுத்திருக்கும் பழக்கம் அதனால் வரும்.

மூன்றாவது, அமைப்புகள். மேனுவல் முறையில் அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குத் திறந்து, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வைத்து, ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) 6400 என்ற உச்ச வரம்புடன் தானியங்கியில் விடுங்கள். உடல் எடைக்குப் பெரிய சிறகுகள் கொண்ட கூகை மெதுவாகச் சிறகடிப்பதால், மீன்கொத்திக்குத் தேவைப்படும் வேகம் இதற்குத் தேவையில்லை. ஐஎஸ்ஓ வரம்பைத் தொட்டுவிட்டால் 1/640, பிறகு 1/400 என்று குறைத்து, பறவையோடு சேர்ந்து கேமராவைச் சீராகத் திருப்புங்கள். சிறகு நுனி கலங்கினாலும் முகம் தெளிவாக நிற்கும். ஃபோகஸ், நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில் இருக்கட்டும். எதிர்க்கரைத் தென்னைகளின் இருட்டு பின்னணியாக அமைந்தால், வெண்மையான மார்பு வெளுத்துப் போகாதபடி எக்ஸ்போஷரை ஒரு படியில் (ஸ்டாப்) மூன்றில் இரண்டு பங்கு குறையுங்கள். வெறும் வானம் பின்னணியானால் ஒரு படி கூட்டுங்கள். கோப்பு ரா வடிவில் (சென்சார் பதிந்த மூலத் தரவாக) இருப்பது நல்லது.

நான்காவது, பயிற்சி. கூகை கிடைக்கும் வரை காத்திராமல், பகலில் உண்ணிக்கொக்குகளைப் பின்தொடர்ந்து எடுத்துப் பழகுங்கள். அவையும் வெண்ணிறம், மிதமான வேகம். பத்துக்கு ஆறு படங்களில் கண் தெளிவாக விழத் தொடங்கிய பிறகு விடியலுக்குப் போகலாம்.

களத்தில் காதை நம்ப முடியாது. கூகையின் வெளிச்சிறகுகளின் முன்விளிம்பில் சீப்புப்பல் போன்ற அமைப்பு இருப்பதால் பறக்கும் ஒலி ஏறக்குறைய கேட்பதேயில்லை. கரிச்சானோ காகமோ திடீரெனக் கூச்சலிட்டால் அந்தப் பக்கம் பாருங்கள். அவை கூகையை விரட்டிக்கொண்டிருக்கக்கூடும். பார்த்தவுடன் பொத்தானை அழுத்தாமல், ஃபோகஸ் பிடித்தபடி தொடர்ந்து, அது காற்றை எதிர்த்துத் திரும்பும்போது மட்டும் ஐந்தாறு படங்கள் எடுங்கள்.

ஃபிளாஷ் வேண்டாம். ஒலிப்பதிவைப் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். வேட்டை நேரத்தில் அது பறவையின் உணவைக் கெடுக்கும். கூடு தெரிந்தால் இணையத்தில் இடத்தைச் சொல்லாதீர்கள், ஏனென்றால் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும் மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கரையில் இருட்டில் நடக்கும்போது டார்ச்சைத் தரையில் அடித்துச் செல்லுங்கள். கண்ணாடிவிரியன் நமக்காக விலகுவதில்லை. வற்றிய ஏரியின் சேறு மேலே காய்ந்து உள்ளே குழைந்திருக்கும், ஆகையால் கரையை விட்டு இறங்க வேண்டாம்.

வெயில் கோரையின் நுனியைத் தொடும்போது கூகை பொந்துக்குத் திரும்பியிருக்கும். அதன் பிறகு கொக்குகளை எடுக்கலாம்.