உங்கள் பொட்காஸ்டை உங்கள் முகவரியிலேயே நடத்துங்கள்: மலையகத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

பொட்காஸ்ட் (இணையத்தில் தொடராக வரும் ஒலி நிகழ்ச்சி) கேட்க உதவிய ஸ்டிச்சர் செயலி 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. 2024இல் கூகுள் பொட்காஸ்ட்ஸும் போய்விட்டது. ஆனாலும் அவற்றில் கேட்டுவந்தவர்கள் வேறு செயலிக்கு மாறி, அதே நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து கேட்டார்கள். நிகழ்ச்சிகளின் பட்டியல் அந்த நிறுவனங்களிடம் இல்லாமல், ஆர்எஸ்எஸ் ஃபீட் என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருந்ததால்தான் அது முடிந்தது. 2019இல் கிம்லெட், ஆங்கர் என்ற பொட்காஸ்ட் நிறுவனங்களை வாங்கிய ஸ்பொட்டிஃபை வேறு வழியில் போனது. சில நிகழ்ச்சிகளைத் தன் செயலிக்குள் மட்டும் பூட்டி வைத்தது.

ஆகவே டொமைன் (உங்கள் இணைய முகவரிப் பெயர்), ஃபீட் கோப்பு, மூல ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பெரிய செயலிகள் எல்லாவற்றிலும் நிகழ்ச்சியைப் போடுங்கள், தவறில்லை. ஆனால் அவை கடைகள் மட்டுமே. சரக்கறை உங்களுடையதாக இருக்கட்டும்.

படி 1: முகவரி

டொட் கொம் அல்லது டொட் எல்கே டொமைன் ஒன்றை வாங்குங்கள். தமிழில் டொட் இலங்கை முகவரியும் உண்டு. ஆனால் ஃபீடுக்கு ஆங்கில எழுத்து முகவரிதான் தொல்லை தராது. இணையதளம் செய்து தரும் தம்பியின் மின்னஞ்சலில் பதிய வேண்டாம். சங்கத்துக்கோ குழுவுக்கோ பொதுவான மின்னஞ்சலில் பதியுங்கள். தம்பியின் மின்னஞ்சலில் இருந்தால், அவர் வெளிநாடு போகும்போது முகவரியும் கூடவே போய்விடும். முடிந்தால் ஒரேயடியாகச் சில ஆண்டுகளுக்குப் பணம் கட்டிவிடுங்கள். காலாவதியான பெயரை யாரும் வாங்கலாம்.

படி 2: ஒலிப்பதிவு

லயன் வீட்டின் தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த மைக்கும் உதவாது. பல இடங்களில் பிற்பகலில்தான் மழை பிடிக்கும், அதனால் காலையில் பதியுங்கள். பெரட்டுக்கு (தோட்ட வேலைக்குக் காலையில் கூடும் இடத்துக்கு) போகிறவர்களோடு பேசுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். வெறும் சுவர் எதிரொலிக்கும். சுவரிலும் மேசையிலும் கம்பளி போர்த்தினால் பெரும்பகுதி அடங்கிவிடும்.

போனை விமானப் பயன்முறையில் வையுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். செயலி அனுமதித்தால், ஒலியைச் சுருக்காத வேவ் வடிவில் பதியுங்கள். பேச்சுக்கு முன் பத்து விநாடி சும்மா பதிந்து வைத்தால், பின்னணி இரைச்சலைக் குறைக்க ஒடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளுக்கு மாதிரி கிடைக்கும்.

ஒடாசிட்டியில் மோனோவாக்கி (ஒரே தடமாக்கி), இரைச்சல் குறைப்பை 6 முதல் 8 டெசிபல் வரை மட்டும் வையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். பிறகு ‘லவுட்னஸ் நோர்மலைசேஷன்’ திறந்து, மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் பெட்டியை டிக் செய்து, இலக்கை -16 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) ஆக்குங்கள்.

ஏற்றுமதி: எம்பி3, மோனோ, 64 கேபிபிஎஸ், 44.1 கிலோஹெர்ட்ஸ். அரை மணி நேரம் 14.4 எம்பிதான் வரும். 128இல் போட்டால் இருமடங்கு. பேச்சுக்கு 64 போதும், ரீலோட் காசில் டேட்டா வாங்கிக் கேட்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிது. தப்பு அடிக்கும் காமன் கூத்துப் பதிவு போன்றவற்றுக்கு மட்டும் 128 ஸ்டீரியோ வையுங்கள்.

படி 3: ஒலிக்கோப்பை வைக்கும் இடம்

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக ஏற்றலாம். கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறு கோடும் மட்டும் இருக்கட்டும், இடைவெளி வேண்டாம். இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. கோப்பைத் திறந்ததும் உலாவியின் மேல் பட்டையில் தெரியும் முகவரியை நகலெடுத்துவிடுகிறார்கள். அது அந்த நேரத்துச் சேவையகத்தின் முகவரி, மாறக்கூடியது. ‘டவுன்லோட்’ என்ற சொல் வரும் நிலையான முகவரியைத்தான் எடுக்க வேண்டும்.

2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் ஆர்க்கைவ் பல நாள் சரியாக இயங்கவில்லை. எனவே அதுவே உங்கள் ஒரே நகலாக இருக்கக் கூடாது. கூகுள் டிரைவ் இணைப்பை ஃபீடில் போடுவது வீண். அது நேரடி ஒலிக்கோப்பைத் தராமல் ஒரு பக்கத்தைத் தருவதால் செயலிகளில் ஓடாது.

படி 4: ஃபீட்

நோட்பேட்++ போன்ற எளிய எழுத்துத் திருத்தியில் எழுதுங்கள், வேர்டில் வேண்டாம். வேர்ட் மேற்கோள் குறிகளை வளைத்துவிடும், ஃபீட் அங்கேயே உடையும். யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ்த் தலைப்பு கேள்விக்குறிகளாக வரும். முதல் வரிக்கு மேலே ஒரு வெற்று வரிகூட இருக்கக் கூடாது.

மேல்பகுதியில் நிகழ்ச்சியின் பெயர், விவரம், இணைய முகவரி, மொழிக்குறி, வகை, படத்தின் முகவரி வரும். தமிழுக்கான மொழிக்குறி ‘டிஏ’ (ta) என்ற இரண்டு எழுத்து. படம் சதுரமாக, 1400 முதல் 3000 பிக்ஸல் வரை இருக்க வேண்டும்.

அதன் கீழ் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓர் ‘ஐட்டம்’ பகுதி. அதில் மூன்று இடங்களில் கவனம் தேவை:

- என்குளோசர்: ஒலிக்கோப்பின் முகவரி, வகை, பைட் அளவு மூன்றும் வேண்டும். 14.4 எம்பி என்று எழுதினால் செல்லாது, 14400000 போன்ற முழு எண்தான். கோப்பின் பண்புகளில் சரியான எண் இருக்கும்.
- ஜியூஐடி (guid): அத்தியாயத்தின் அடையாளக் குறி. ஒருமுறை கொடுத்தால் பிறகு தொடவே கூடாது. மாற்றினால் செயலிகள் அதைப் புது அத்தியாயம் என்று நினைத்து மறுபடி இறக்கும். கேட்பவரின் டேட்டா இருமுறை செலவாகும்.
- வெளியீட்டு நேரம்: கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கத்தில், முடிவில் இலங்கை நேரத்துக்கு +0530. தமிழில் ‘சனி’ என்று எழுதினால் தேதி படிக்கப்படாது, வரிசை குழம்பும்.

தலைப்பில் ஆங்கில ‘அண்ட்’ குறியை அப்படியே போட்டாலும் ஃபீட் உடையும். ‘மற்றும்’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

கோப்புகளை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் ஃபீட் கோப்பை ஏற்றி, அமைப்புகளில் உங்கள் டொமைனை www முன்னொட்டுடன் கொடுங்கள். டொமைன் வாங்கிய இடத்தில், அந்த www முகவரியை கிட்ஹப்புக்குத் திருப்பும் ஒரு ‘சிநேம்’ (CNAME) பதிவு சேர்க்க வேண்டும். எச்டிடிபிஎஸ் பெட்டி டிக் ஆகச் சில மணி நேரம் எடுக்கலாம், பொறுங்கள். கிட்ஹப் 2018 முதல் மைக்ரோசொஃப்டின் சொத்து. பிறகு சுதந்திரம் எங்கே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். கேட்பவர்கள் பின்தொடர்வது கிட்ஹப் முகவரியை அல்ல, உங்கள் டொமைனை. நாளை கிட்ஹப் கதவடைத்தால் அதே கோப்பை வேறு சேவையகத்தில் வைத்து டொமைனை அங்கே திருப்பினால் போதும். கேட்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

படி 5: சரிபார்த்து அனுப்புதல்

இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் ஃபீட் சரிபார்ப்பானில் முகவரியைக் கொடுத்து, சிவப்புப் பிழைகளைத் திருத்துங்கள். பிறகு அப்பிள் பொட்காஸ்ட்ஸ், ஸ்பொட்டிஃபை, பொட்காஸ்ட் இண்டெக்ஸ் மூன்றிலும் சேருங்கள். கடைசியாகச் சொன்னதை ஆடம் கரியும் டேவ் ஜோன்ஸும் 2020இல் எல்லோருக்கும் திறந்த நிகழ்ச்சிப் பட்டியலாகத் தொடங்கினார்கள். பல சிறிய செயலிகள் அங்கிருந்துதான் நிகழ்ச்சிகளைத் தேடுகின்றன. ஸ்பொட்டிஃபையில் ‘இங்கேயே கோப்பை ஏற்று’ என்ற வழியை விட்டு, ‘ஏற்கெனவே ஃபீட் உண்டு’ என்ற வழியால் போங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

படி 6: கேட்பவருக்கு வழி

அன்ரொய்ட் போனுக்கு அன்டெனாபொட் நல்லது. இலவசம், திறந்த மூலம், விளம்பரம் இல்லை. ஃபீட் முகவரியை ஒட்டினால் உடனே சேரும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வைஃபை கிடைக்கும்போது இறக்கிவைத்து, சிக்னல் இல்லாத தோட்ட டிவிஷனில் கேட்கலாம். வட்ஸ்அப்பில் கோப்பு எப்படியும் பரவும், தடுக்க முயலாதீர்கள். ஆனால் பரவும் கோப்பில் இணைப்பு வராது. நிகழ்ச்சியின் பெயரையும் இணைய முகவரியையும் ஒலியிலேயே தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே வேறிடத்தில் நடத்துகிறீர்களா?

முதலில் பழைய ஒலிக்கோப்புகள் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். பழைய ஜியூஐடிகளை அப்படியே வைத்துப் புதிய ஃபீடை எழுதுங்கள். அதன்பின் பழைய சேவையின் அமைப்புகளில் 301 திசைமாற்றம் (பழைய முகவரிக்கு வருவதை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்புவது) கொடுத்து, புதிய ஃபீடில் ‘நியூ ஃபீட் யூஆர்எல்’ வரியைச் சேருங்கள். திசைமாற்றம் தராத இலவசச் சேவை என்றால், கடைசி அத்தியாயமாக ஒரு நிமிட அறிவிப்புப் போட்டுப் புதிய முகவரியைச் சொல்வதைத் தவிர வழியில்லை. எப்படியானாலும் பழைய கணக்கை உடனே அழிக்காதீர்கள். குறைந்தது நான்கு வாரம் விட்டு, அப்பிளிலும் ஸ்பொட்டிஃபையிலும் புதிய அத்தியாயம் வருவதைப் பார்த்த பிறகு மூடுங்கள்.