கண்ணாடியை ஹோலோகிராம் என்று எழுதாதீர்கள்

கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1969-ல் திறந்த 'ஹாண்டட் மேன்ஷன்' சவாரியில் ஒரு நடனக் கூடம் வரும். உடல் வழியே பின்னணி தெரியும் பேய்கள் ஜோடி ஜோடியாகச் சுற்றி ஆடும். அதைப் பற்றி எழுதும் பலரும் 'ஹோலோகிராம்' என்று எழுதிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவன்தான்.

அங்கே இருப்பது பிரம்மாண்டமான கண்ணாடி. பயணிகளின் கண்ணில் படாத இடத்தில் நிஜமான பொம்மைகள் வெளிச்சத்தில் சுழல்கின்றன. அவற்றின் பிம்பம் கண்ணாடியில் தெரியும்போது, கண்ணாடிக்கு அப்பால் உள்ள கூடத்தில் அவை ஆடுவதுபோல நமக்குத் தோன்றுகிறது. இரவு ரயிலின் ஜன்னல் கண்ணாடியில் நம் முகம் வெளியே இருட்டில் மிதக்குமே, அதே சங்கதி. லண்டனின் ராயல் பாலிடெக்னிக்கில் 1862-ல் ஜான் ஹென்றி பெப்பர் இதை மேடையேற்றினார். யோசனையின் மூலவர் ஹென்றி டிர்க்ஸ். ஆனாலும் 'பெப்பரின் பேய்' என்றே பெயர் நிலைத்துவிட்டது, பாவம் டிர்க்ஸ். அந்த நடனக் கூடத்தைக் கவனித்துப் பார்த்தால் ஆண்களைப் பெண்கள் வழிநடத்தி ஆடுவதுபோல இருக்கும். பிம்பத்தில் இடவலம் மாறுவதால் வந்த வினை.

ஹோலோகிராம் வேறு. ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு உண்டாக்கும் கோலத்தைப் பதிவு செய்யும் முறை அது. இயற்பியலாளர் டென்னிஸ் காபர் 1947-ல் கண்டுபிடித்து, 1971-ல் நோபல் பரிசு வாங்கியது இதற்குத்தான். சந்தேகம் வந்தால் ஒரே ஒரு கேள்வி போதும்: உருவம் எதில் தெரிகிறது? கண்ணாடியிலா, திரையிலா, சிலையின் முகத்திலா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் 'ஹோலோகிராம்' என்ற சொல் பெரும்பாலும் தேவைப்படாது.

அடுத்த பெரிய வம்பு 'முதன்முதல்' என்ற சொல். 1937-ல் வந்த 'ஸ்னோ ஒயிட்' உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் என்பார்கள். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் நிழலுருவங்களை வெட்டி எடுத்த 'இளவரசர் அக்மத்' படம் 1926-லேயே வந்துவிட்டது. அதற்கும் முன்பே, 1917-ல், அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி ஒரு முழுநீளப் படம் எடுத்தார். அதன் பிரதி எதுவும் இன்று இல்லை. 1928-ல் வந்த 'ஸ்டீம்போட் வில்லி' முதல் ஒலி கார்ட்டூன் என்பதும் இதே ரகம். அமெரிக்காவின் ஃபிளைஷர் சகோதரர்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒலியோடு கார்ட்டூன் எடுத்துவிட்டார்கள். 'முதல்' என்று எழுதியே தீர வேண்டுமா? சரி, எதில் முதல் என்றும் எழுதுங்கள். 'செல்லுலாய்டு தாளில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வரைந்த முதல் முழுநீளப் படம்' என்று 'ஸ்னோ ஒயிட்'டைச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தலையில் கட்டுவதும் பரவலாக நடக்கிறது. 1963-ல் டிஸ்னிலேண்டின் 'டிக்கி ரூம்' அரங்கில் இயந்திரப் பறவைகள் பாடியபோது அவற்றை இயக்கியது காந்த நாடா. நாடாவில் பதிந்த சமிக்ஞைகள் காற்று வால்வுகளைத் திறந்து மூட, அலகுகள் அசைந்தன. 1990-ல் வந்த 'ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' படத்துக்கு வண்ணம் தீட்டியது கம்ப்யூட்டர்தான். பாத்திரங்களை வரைந்ததோ மனிதக் கைகள். முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவான முதல் முழுநீளப் படம் 1995-ன் 'டாய் ஸ்டோரி'. அதிலும் பாத்திரங்களை அசைத்தவர்கள் அனிமேட்டர்களே. ஒரு வினாடிப் படத்துக்கு 24 ஓவியங்கள் வரைவார்கள் என்பதும் பாதி உண்மைதான். ஓடுவது 24 ஃப்ரேம்கள். ஒரே ஓவியத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்துவது வழக்கம் என்பதால் பெரும்பாலும் 12 ஓவியங்களே போதும்.

புதிய நுட்பம் வந்தால் படம் அழகாகிவிடும் என்ற நம்பிக்கையிலும் எனக்கு உடன்பாடில்லை. முன்பெல்லாம் அனிமேட்டர்கள் பென்சிலில் வரைந்ததை, பெரும்பாலும் பெண்களே இருந்த ஒரு பிரிவினர், செல்லுலாய்டு தாளில் மையால் படியெடுப்பார்கள். மெல்லிய கோடு, சில இடங்களில் வண்ணக் கோடுகூட. ஆனால் செலவு அதிகம். டிஸ்னியின் தொழில்நுட்ப நிபுணர் அப் ஐவெர்க்ஸ் ஜெராக்ஸ் முறையை இதற்கு ஏற்றபடி மாற்றி அமைத்ததும் பென்சில் கோடுகள் நேரடியாகத் தாளில் ஏறின. 1961-ல் வந்த '101 டால்மேஷன்ஸ்' முழுக்க அப்படித் தயாரானது. உடலெல்லாம் புள்ளி போட்ட அத்தனை நாய்க்குட்டிகளைப் பழைய முறையில் படியெடுத்திருந்தால் செலவு எங்கேயோ போயிருக்கும். ஆனால் கோடுகள் கறுப்பாக, சொரசொரப்பாக வந்தன; மை தீட்டும் வேலையும் குறைந்துபோனது. மிச்சமானது பணம். அழகு கூடியதா குறைந்ததா என்பது அவரவர் ரசனை. எனக்கு அந்தச் சொரசொரப்பு பிடிக்கும்.

சிமுலேட்டர் சவாரி என்றாலே 'பயங்கர வேகம்' என்று எழுதுவது இன்னொரு பழக்கம். 1987-ல் திறந்த 'ஸ்டார் டூர்ஸ்' சவாரிக்கு விமானிப் பயிற்சி சிமுலேட்டர் தொழில்நுட்பத்தையே பயன்படுத்தினார்கள். பயணிகள் உட்காரும் அறை இருந்த இடத்தைவிட்டு எங்கேயும் போவதில்லை. அதைப் பின்பக்கம் மெல்லச் சாய்த்தால் புவியீர்ப்பு நம் முதுகை இருக்கையோடு அழுத்தும். சாய்வால் வந்த அழுத்தமா, வேகம் கூடியதால் வந்ததா என்று நம் காதின் உட்பகுதிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதே நேரத்தில் திரையில் நட்சத்திரங்கள் பாய்ந்து வந்தால், முன்னால் பறக்கிறோம் என்று மூளை முடிவு கட்டிவிடும். அசைவும் படமும் கொஞ்சம் முன்பின்னாகப் போனாலே குமட்டல் வரும். ஆக, சிமுலேட்டரை வர்ணிக்கும்போது வேகத்தை விட்டுவிட்டு அந்த ஒத்திசைவைப் பாருங்கள். உழைப்பு அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், வண்டியை மறந்துவிடாதீர்கள். ரோபோவையும் திரையையும் பக்கம் பக்கமாக வர்ணிப்பவர்கள், உட்கார்ந்து போன இருக்கையைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. 1967-ல் டிஸ்னிலேண்டில் அறிமுகமான 'ஆம்னிமூவர்' என்பது நிற்காமல் நகரும் இருக்கைச் சங்கிலி. நிற்காததால் வரிசை சீக்கிரம் நகரும். அதோடு, ஒவ்வொரு இருக்கையும் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட பக்கம் திரும்பும். எதைக் காட்ட வேண்டுமோ அந்தப் பக்கம் நம்மைத் திருப்பி, எதை மறைக்க வேண்டுமோ அதற்கு முதுகு காட்ட வைக்கும். சினிமாவில் கேமரா செய்யும் வேலை இது. ஹாண்டட் மேன்ஷனில் அந்தக் கண்ணாடி நம் கண்ணுக்குத் தப்புவதற்கும், ஆட்டம் போடும் நிஜ பொம்மைகள் கடைசிவரை தெரியாமல் இருப்பதற்கும் இந்த இருக்கையும் ஒரு காரணம்.