பிபிக்கு விஏ க்ளெய்ம் போடறீங்களா? மாத்திரைக்கு முந்தின ரீடிங்கை முதல்ல தேடுங்க

அமெரிக்க ஆர்மியோ நேவியோ, சர்வீஸ் முடிச்சு வந்தவங்க பிபிக்காக விஏ (முன்னாள் ராணுவத்தினரைப் பாத்துக்கற அமெரிக்க அரசுத் துறை) கிட்ட டிஸபிலிட்டி பணம் கேக்கலாம்னு சொன்னாலே முக்காவாசி பேர் சொல்ற பதில் ஒண்ணுதான், "எனக்கு மாத்திரையில கன்ட்ரோல் ஆயிடுச்சே, இனிமே என்னத்த குடுக்கப் போறாங்க". குடுப்பாங்க. ஆனா அதுக்கு வேண்டிய பேப்பர் இன்னைக்கு எடுக்குற ரீடிங் இல்ல, மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது.

ஏன்னா விஏ ரேட்டிங் புக்குல பிபிக்கு கோட் 7101, அதுல எல்லாமே நம்பர் கணக்குதான். கீழ் நம்பர் பெரும்பாலும் 100 அல்லது அதுக்கு மேல, இல்லன்னா மேல் நம்பர் 160 அல்லது அதுக்கு மேல இருந்தா 10 சதவீத ரேட்டிங், இந்த சதவீதத்தை வெச்சுதான் மாசப் பணம். கீழ 110 இல்லன்னா மேல 200னா 20 சதவீதம். கீழ 120னா 40, 130னா 60, அதுக்கு மேல இந்தக் கோட்ல கிடையாது. இந்த நம்பரெல்லாம் மாத்திரை போட்ட நிலைமையில வர்றதத்தான் பாப்பாங்க, "மாத்திரைய நிறுத்தினா எனக்கு எங்கயோ போயிடும் சார்"னு சொல்றது எடுபடாது, 2016ல மெக்கரால் கேஸ்ல வெட்டரன்ஸ் கோர்ட்டே அதைத் தெளிவாக்கிடுச்சு.

ஒரே ஒரு சந்து மட்டும் இருக்கு. முன்னாடி கீழ் நம்பர் பெரும்பாலும் 100க்குக் குறையாம இருந்த ஹிஸ்டரி இருந்து, இப்ப தொடர்ந்து மாத்திரை எடுத்தா, இன்னைக்கு 124/78 காட்டினாலும் 10 சதவீதம் உண்டு. கவனிங்க, இந்த ஹிஸ்டரி கணக்குக்குக் கீழ் நம்பர் மட்டும்தான், பழைய சார்ட்ல 170/92னு இருந்தா இந்த வழியில அது உதவாது. "பெரும்பாலும்"ங்கறதும் சும்மா இல்ல, எப்பவோ ஒரு நாள் 104 வந்துச்சுங்கறது பத்தாது.

அதனால டாக்டர் முதல் முதலா லிசினோப்ரிலோ அம்லோடிபினோ மாதிரி பிபி மாத்திரை எழுதினாரே, அந்த விசிட்டோட நோட்ஸ், அதுக்கு முந்தின ரெண்டு மூணு விசிட்டோட நோட்ஸ், இதைத்தான் பிடிக்கணும். 150/102, 148/104, அடுத்த வரியில மாத்திரை ஆரம்பம்னு இருக்குற ஒரு பக்கம் கிடைச்சுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பழைய டாக்டர் ரிட்டயர் ஆயிருந்தா அந்த க்ளினிக்க யார் எடுத்து நடத்துறாங்கன்னு விசாரிங்க. சர்வீஸ்ல இருந்தப்ப எடுத்த ரெக்கார்ட்ஸ விஏவே வரவழைக்கும், வெளி டாக்டர் பேப்பர நீங்களே வாங்கிக் குடுத்துடறது நல்லது.

இன்னொண்ணு, பிபி இருக்குன்னு விஏ ஒத்துக்கறதுக்கே குறைஞ்சது மூணு வேற வேற நாள்ல, ஒவ்வொரு நாளும் ரெண்டு தடவையாவது எடுத்த ரீடிங் வேணும். வீட்டு மெஷின்ல தேதி, நேரத்தோட எழுதி வெச்ச நோட்டும் குடுக்கலாம், ஆனா க்ளினிக் ரீடிங்குக்கு இருக்குற மதிப்பே தனி.

சரி, நம்பர் இருக்கு. சர்வீஸாலதான் வந்துச்சுன்னு எப்படிக் காட்டறது? வியட்நாம் காலத்து ஆளுங்களுக்கு இது ரொம்ப ஈசி. 2022 ஆகஸ்ட் 10ல கையெழுத்தான பாக்ட் ஆக்ட்ங்கற சட்டம், ஏஜென்ட் ஆரஞ்ச் (வியட்நாம் போர்ல தெளிச்ச களைக்கொல்லி) பாதிப்பு லிஸ்ட்ல பிபியையும் சேத்துடுச்சு. 1962 ஜனவரி 9லேருந்து 1975 மே 7 வரைக்கும் வியட்நாம் மண்ணுலயோ, கரையோரமா சட்டம் வரைஞ்ச எல்லைக் கோட்டுலேருந்து 12 நாட்டிகல் மைலுக்குள்ள கப்பல்லயோ இருந்திருந்தா போதும், தொடர்பை நிரூபிக்கற வேலையே கிடையாது. தாய்லாந்து பேஸ் (1976 ஜூன் 30 வரை), குவாம் (1980 ஜூலை 31 வரை), 1967 செப்டம்பர்லேருந்து 1971 ஆகஸ்ட் வரை கொரியா டிஎம்இசட் (ரெண்டு கொரியாவுக்கும் நடுவுல இருக்குற எல்லைப் பகுதி)னு இன்னும் சில இடங்களும் இருக்கு. 2022க்கு முன்னாடி பிபிக்குக் கேட்டு ரிஜெக்ட் ஆன பெரியவங்க உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க, சப்ளிமென்டல் க்ளெய்ம் (ரிஜெக்ட் ஆனதை மறுபடி பாக்கச் சொல்ற மனு) போட்டா மறுபடியும் பாப்பாங்க. ஈராக், ஆப்கானிஸ்தான் போனவங்க குழப்பிக்க வேணாம், பர்ன் பிட் (கேம்ப்ல குப்பை எரிச்ச குழி) புகை பாதிப்பு லிஸ்ட்ல பிபி இல்ல.

அவங்களுக்கும் வழி இருக்கு. சர்வீஸ்லயே ஆரம்பிச்சிருக்கணும், இல்ல டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள 10 சதவீத அளவுக்கு வந்திருக்கணும், அதுவும் இல்லன்னா செகண்டரி, அதாவது விஏ ஏற்கனவே ஒத்துக்கிட்ட வேற பிரச்சனையால வந்ததுன்னு காட்டறது. ஏற்கனவே ரேட்டிங் இருக்குற பிடிஎஸ்டி (போர் மாதிரி அதிர்ச்சியால வர்ற மனப் பாதிப்பு), கிட்னி பிரச்சனை, ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது), இல்ல முட்டி வலிக்கு வருஷக்கணக்கா முழுங்கின இப்யூப்ரோஃபென் மாதிரி மாத்திரை, இதனால பிபி வந்துச்சு இல்ல அதிகமாச்சுன்னு டாக்டர் காரணத்தோட எழுதின நெக்ஸஸ் லெட்டர் வேணும். வாய்ப்பு பாதிக்குப் பாதியாவது இருக்குன்னு அவர் சொல்லணும், "இருக்கலாம்"னு மொட்டையா எழுதினா தூக்கிப் போட்டுடுவாங்க.

போடறப்ப முதல்ல இன்டென்ட் டு ஃபைல் (க்ளெய்ம் போடப் போறேன்னு முன்கூட்டியே சொல்ற நோட்டீஸ்) குடுத்துடுங்க, பேப்பர் சேக்க ஒரு வருஷம் டைம் கிடைக்கும், ஜெயிச்சா பணமும் பொதுவா அந்தத் தேதியிலேருந்து கணக்காகும். அப்புறம் க்ளெய்ம் ஃபார்ம் 21-526ஈஇசட், கூடவே டிஸ்சார்ஜ் பேப்பர் டிடி 214.

அப்புறம் சி அண்ட் பி எக்ஸாமுக்கு (க்ளெய்முக்காக விஏ ஏற்பாடு பண்ற மெடிக்கல் செக்கப்) கூப்பிடுவாங்க, போகாம மட்டும் இருந்துடாதீங்க, அதுக்கே ரிஜெக்ட் ஆகலாம். நம்பர் ஏறட்டும்னு அன்னைக்கு மாத்திரைய நிறுத்தற வேலையும் வேணாம், ஸ்ட்ரோக் வந்தா யார் பாக்கறது. அந்த டாக்டர் நிரப்புற ஃபார்ம்ல கீழ் நம்பர் பெரும்பாலும் 100 அல்லது அதுக்கு மேல இருந்த ஹிஸ்டரி உண்டான்னு தனியா ஒரு கேள்வியே இருக்கு, அதனால பழைய சார்ட்டோட காப்பிய கையில கொண்டு போய்க் காட்டுங்க.

10 சதவீதத்துக்கு 2025ல மாசம் 175.51 டாலர் குடுத்தாங்க, டாக்ஸ் இல்ல. வெறும் 0 சதவீதம் வந்தாலும் வேணாம்னு விட்றாதீங்க, சர்வீஸ் கனெக்‌ஷன் ஆயிடுச்சுல்ல, நாளைக்கு இந்த பிபியாலயே ஹார்ட்டோ கிட்னியோ அடி வாங்கினா அதை செகண்டரியா கேக்கலாம், பெரிய ரேட்டிங் பெரும்பாலும் அங்கதான்.

முடிவு பிடிக்கலன்னா ஒரு வருஷத்துக்குள்ள மேல போகலாம். புது பேப்பர் இருந்தா சப்ளிமென்டல், இருக்குற பேப்பரையே தப்பா படிச்சுட்டாங்கன்னா ஹையர் லெவல் ரிவ்யூ, அதுல புதுசா எதையும் சேக்க முடியாது, மூணாவது போர்டு அப்பீல், அது இழுக்கும். டிஏவி, விஎஃப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜியன் மாதிரி முன்னாள் ராணுவத்தினர் சங்கத்து ஆளுங்க இதெல்லாம் இலவசமா போட்டுக் குடுப்பாங்க. முதல் க்ளெய்முக்கு யாரும் ஃபீஸ் வாங்கக் கூடாதுங்கறது சட்டம், "வர்ற பணத்துல இவ்ளோ பங்கு குடுங்க"ன்னு எந்தக் கம்பெனியாவது பேச்சை ஆரம்பிச்சா ஃபோனை வெச்சுடுங்க.